கையிலிருப்பதும் கருத்திலிருப்பதும்

களவு, கொலை, பொய்ச்சான்று என உலகத்தார் குற்றமென்று கொள்வனவெல்லாம் பெரும்பாலுஞ் செயல்களேயாம். செய்தவன் ஒருவன், செய்யப்பட்ட செயல் ஒன்று, அதனால் துன்புற்றவன் ஒருவன் என்னும் மூன்றும் அவற்றின்கட் காணப்படும். ஆயின், இக்காலத்து அரசுகள் மிகக் கடுமையாக ஒறுக்குங் குற்றங்களுள் ஒன்று இவ்விலக்கணத்துள் அடங்காது நிற்கின்றது. அது தடுக்கப்பட்ட போதைப்பொருளை உடைமையில் வைத்திருத்தல் என்பது. ஒருவனுடைய சட்டைப்பையிலே, அன்றிப் பெட்டியிலே, அன்றி வீட்டுத் தாழ்வாரத்திலே ஒரு சிறு பொட்டலங் கிடக்கின்றது. அவன் அதனை விற்கக் கண்டவர் இல்லை; உண்ணக் கண்டவரும் இல்லை. கிடந்தது என்பதொன்றே பற்றி அவன் எதிரிக்கூண்டில் ஏற்றப்படுகின்றான். பொருளின் கிடப்பு மனிதனது குற்றமாவது எவ்வாறு என்பதே யாம் இங்கே ஆராயப் புகுந்த வினாவாம்.

இவ்வினா சட்டத்தரணிகளுக்கும் நீதிபதிகளுக்குமே உரியதென்று ஆசிரியர்கள் வாளாவிருத்தல் பொருந்தாது. முன்னாளிலே ஆசிரியர் மாணாக்கனுடைய பையைச் சோதித்தது மாங்காயும் பட்டம்விடும் நூலும் எடுத்தற்கே. இந்நாளிலோ கஞ்சாவும், ஹெரோயினும், ஐஸ் என்று வழங்கும் மெதம்பெற்றமினும், மயக்கந் தரும் மாத்திரைகளும் இளைஞர் கைக்கு எட்டுகின்றன. பிள்ளையின் பையில் ஏதேனும் அகப்பட்டால் முதலில் அதைக் காண்பவர் பொலிசார் அல்லர், ஆசிரியரே. அந்நேரத்திலே அவர் சொல்லும் முதற்சொல், செய்யும் முதற்செயல் ஆகிய இரண்டும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தை ஒருபுறமாகச் சாய்த்துவிடும். ஆதலின், சட்டம் இவ்விடயத்தில் யாது கூறுகின்றது, அறம் யாது கூறுகின்றது, இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்பவற்றை அவர் முன்னரே எண்ணி வைத்தல் கடமையாகும்.

முதலாவது, இச்சட்டங்கள் ஒரு பொருளைத் தீதென்று முற்றாக விலக்கியன அல்ல. எல்லை வகுத்தன என்பதை அறிதல் வேண்டும். மோர்பின் என்னும் மருந்து புற்றுநோயாளரின் பெருநோவைத் தணிப்பது. வைத்தியசாலைகளில் இன்றும் வழங்கப்படுவது. அதுவே உரிமைச்சீட்டின்றி ஒருவன் மடியில் இருந்தால் குற்றப்பொருளாகின்றது. அபின் நாட்டு வைத்தியத்தில் நெடுங்காலம் மருந்தாக வழங்கிற்று. ஹெரோயினோ எனின், 1898 ஆம் ஆண்டு ஜெர்மனியின் பேயர் என்னும் மருந்துக் கம்பெனியாராலே இருமலுக்கு மருந்தென விற்கப்பட்டது. சீனர் அபினைத் தடுத்தபோது அதன்பொருட்டு 1839 ஆம் ஆண்டிற் போர் தொடங்கிய பிரித்தானிய அரசே, 1912 ஆம் ஆண்டு ஹேக் நகரிலே அபினைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. இலங்கையிலும் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச்சட்டம் அவ்வரசின் ஆட்சிக் காலத்திலேயே எழுந்தது. பின்னர் 1961 ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் தனி உடன்படிக்கை உலகமெங்கும் ஒரு பொதுவரம்பை நாட்டிற்று. ஆகவே பொருள் மாறவில்லை. யார், எதற்காக, எவ்வளவு, யாருடைய அனுமதியின்பேரில் வைத்திருக்கலாம் என்னும் வரம்பே வகுக்கப்பட்டது. அவ்வரம்பைக் கடந்தமையே குற்றம். வரம்பைக் கடத்தலோ மனமுடைய ஒருவன் செய்வது. பொருள் தானாக வரம்பு கடவாது.

இங்ஙனமாகவே, வைத்திருத்தல் என்னுஞ் சொல்லினுள்ளே இரண்டு கூறுகள் அடங்கியிருத்தலை நீதிநூல் வல்லோர் எடுத்துக்காட்டுவர். ஒன்று, பொருள் ஒருவனது ஆட்சியின்கீழ் இருத்தல். மற்றொன்று, அது தன்பால் உள்ளதென்று அவன் அறிந்திருத்தல். உறங்குகின்ற வழிப்போக்கனுடைய பையிலே பிறனொருவன் ஒன்றை இட்டுச் சென்றால், அது பையில் இருக்கின்றது என்று சொல்லலாம். அவன் வைத்திருக்கின்றான் என்று சொல்லுதல் தமிழுக்கும் பொருந்தாது. இருத்தல் பொருளின் வினை. வைத்திருத்தல் ஆளின் வினை. நம் மாணாக்கர் இலக்கண வகுப்பிலே கற்கும் தன்வினை பிறவினை வேற்றுமையை ஒத்தது இது. வழக்குகளின் வல்லடி முழுவதும் இவ்விரண்டையும் பிரித்தறிவதிலேயே கிடக்கின்றது.

கையில் இருந்தது கண்டு கருத்தையுங் கண்டதாகக் கொண்டால் விளையுங் கேட்டுக்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று வேறு வேண்டா. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் பொற்கொல்லன். அக்கொல்லனிடமே தன் மனைவியின் சிலம்பை விலைமதிக்கக் கொடுத்தான் கோவலன். கொல்லன் அரசனிடஞ் சென்று கள்வன் அகப்பட்டான் என்றான். அரசன் ஆராய்ந்தது ஒன்றேயொன்று: சிலம்பு அவன் கையில் உளதா என்பது. கையிலிருப்பின் கொன்று சிலம்பைக் கொணர்க என்னுங் கருத்துப்பட ஏவலிட்டான். சிலம்பு கையில் இருந்தது மெய். அது களவுப்பொருள் என்பது பொய். கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய பின்னரே உள்ளேயிருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பது விளங்கிற்று. இக்கால மொழியிற் கூறுவதாயின், பகுப்பாய்வாளரது பரிசோதனை தண்டனைக்குப் பின்னே நிகழ்ந்தது. அரசனிடம் இரக்கம் இல்லாமையன்று அங்கே குறை; தன் பிழை கண்டவுடன் உயிர்விட்டவன் அவன். அளவை வழுவினமையே குறை.

இளமையிலே யாம் மிஷன் பாடசாலையிற் கற்றபொழுது படித்த விவிலியக் கதையொன்றும் இதற்கு இனமானது. எகிப்திலே அதிகாரியாயிருந்த யோசேப்பு, தன் தம்பியாகிய பென்யமீனுடைய தானியச் சாக்கிலே தனது வெள்ளிக் கிண்ணத்தை இரகசியமாக இடுவித்தான். பின்தொடர்ந்து வந்த ஏவலன் சாக்குகளைச் சோதித்தான். எவனிடங் கிண்ணங் காணப்படுமோ அவன் சாகக்கடவன் என்று தமையன்மார் தாமே வாய்விட்டுக் கூறியிருந்தனர். கிண்ணமோ ஒன்றும் அறியாத இளையவனது சாக்கில் இருந்தது. கோவலன் வழக்கில் உடைமை மெய், குற்றம் பொய். பென்யமீன் வழக்கில் உடைமையே மெய்யன்று. பொருள் இருந்தது, வைத்திருத்தல் இல்லை. இருவேறு தேசத்து முன்னோரும் இவ்வொரு வழியிலே மனிதர் வழுவுவர் என்பதை அறிந்து கதைசெய்து வைத்தனர்.

இனி, சைவ நூல்கள் அளவையைக் காட்சி, கருதல், உரை என்று பகுக்கும். பையிலே பொட்டலம் இருத்தல் காட்சி. அஃது இருப்பது அவனுக்குத் தெரியும் என்பது காட்சியன்று, கருதல். புகை கண்டவிடத்து நெருப்பு உண்டென்று கருதுதல் தகும். ஏனெனில் நெருப்பில்லாத இடத்துப் புகை தோன்றுதல் இல்லை. ஆயின் பொருள் கிடந்தவிடத்தெல்லாம் அறிவு உண்டென்னும் இயைபு அங்ஙனம் நீங்காததன்று. பையின் சொந்தக்காரன் ஒருவன், திறப்பவர் பலர். வீடு ஒருவனுடையது, குடியிருப்பவர் பலர். வாகனம் ஒருவனுடையது, ஏறியிறங்குவோர் பலர். ஆதலின் இக்கருதல் பெரும்பாலும் உண்மையாயினும் எஞ்ஞான்றும் உண்மையன்று. பிறழத்தக்க கருதலைப் பிறழாத காட்சிபோலக் கொள்ளுதலே மதுரை மன்னன் செய்த பிழை.

இது பழங்கதையோடு ஒழிந்ததன்று. 1968 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. ஒருவன் வாகனத்திலே இரண்டு பெட்டிகளைக் கொண்டு சென்றான். ஒன்றினுள் வாசனைத் தைலப் போத்தல்கள். மற்றொன்றினுள் 20,000 அம்பெற்றமின் மாத்திரைகள். தைலம் விற்பது அவனுக்கு ஓர் உபதொழில். இரண்டினுள்ளும் தைலமே உள்ளதென எண்ணியதாக அவன் சொன்னான். பெட்டி தன்னிடம் உள்ளதென்று அறிந்தவன், அதனுள் இருப்பதையும் வைத்திருந்தவனாவானா என்பதே வினா. பிரபுக்கள் தம்முள் மாறுபட்டுப் பல காரணங் கூறினர். அவனது மேன்முறையீடு நிறைவேறவில்லை. எனினும் அவ்வழக்கு எழுப்பிய கலக்கத்தினால் அந்நாட்டில் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஒரு வழி திறக்கப்பட்டது. தான் அறியவில்லை, ஐயுறவில்லை, ஐயுறுதற்குக் காரணமும் இருக்கவில்லை என்று காட்டுவோன் விடுதலை பெறலாம் என்பது அது. 2001 ஆம் ஆண்டில் அதே சபை அதனை இன்னும் இளக்கி, எதிரி அதனை முற்ற நிறுவ வேண்டுவதில்லை. நியாயமான ஐயம் எழும்பத்தக்க சான்று காட்டினாற் போதும், மறுக்கும் பாரம் வழக்குத் தொடுத்தவர்மேலது என்று பொருள் விரித்தது.

ஆசிரியர்கள் சிறப்பாக அறியத்தக்க வழக்கு 1969 ஆம் ஆண்டிலே அதே சபையில் தீர்ந்தது. அதிற் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஓர் ஆசிரியை. அவர் தாம் குத்தகைக்கு எடுத்த பண்ணை வீட்டின் அறைகளைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, இடையிடையே வாடகை வாங்கவும் கடிதங்கள் எடுக்கவும் மாத்திரம் அங்கே சென்றுவந்தார். குடியிருந்தோர் கஞ்சா புகைத்தனர். அவருக்கு அது தெரியாதென்பதை எவரும் மறுக்கவில்லை. அவ்வாறிருந்தும், கஞ்சா புகைக்கும் இடத்தை நடத்தியவர் என்று கீழ்நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாக்கியது. அடுத்த மன்றமும் அதனை உறுதிசெய்தது. இது வைத்திருத்தற் குற்றமன்றாயினும் அதன் உடன்பிறப்பு. குற்றமனம் இல்லாதாரை ஒறுத்தல் பாராளுமன்றத்தின் கருத்தென்று வெளிப்படச் சொல்லாதவிடத்து அவ்வாறு கொள்ளலாகாது என்று பிரபுக்கள் சபை அத்தீர்ப்பை நீக்கிற்று. அறியாதவரைக் குற்றவாளியென்பது சட்டத்தின்மேல் மக்களுக்குள்ள மதிப்பையே குறைக்கும் என்னும் நினைவு அத்தீர்ப்பின் அடியிற் கிடக்கின்றது.

இவற்றுக்கு எதிராகக் கூறப்படுவதையும் நேர்மையாகக் கேட்டல் வேண்டும். போதைப்பொருள் வியாபாரி எஞ்ஞான்றும் எனக்குத் தெரியாது என்றே சொல்வான். அவன் உள்ளத்தைக் கண்ட சாட்சி இல்லை. அறிவை நேரே மெய்ப்பித்தால் மாத்திரமே தண்டிக்கலாம் என்று சட்டம் நின்றால், பெருவியாபாரி ஒருவனும் அகப்படான். ஏழைகளின் பிள்ளைகள் அழிந்துகொண்டேயிருப்பர். இதுபற்றியே சிங்கப்பூர் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊகங்களை வகுத்துக்கொண்டது. போதைப்பொருள் உள்ள பெட்டியையோ அவ்வறையின் திறப்பையோ வைத்திருப்பவன், மறுத்துக் காட்டும்வரை, அப்போதைப்பொருளையே வைத்திருப்பவனாகக் கொள்ளப்படுவான். அதன் தன்மையை அறிந்தவனாகவுங் கொள்ளப்படுவான். 2 கிராமுக்கு மேற்பட்ட ஹெரோயின் வைத்திருப்பவன் விற்றற்கே வைத்திருந்தான் எனக் கொள்ளப்படுவான். 15 கிராமுக்கு மேற்பட்டதைக் கடத்தியதாகத் துணியப்பட்டால் மரணதண்டனை. இந்தியாவின் 1985 ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமனம் உண்டென்று முதலில் ஊகித்து, இல்லையெனக் காட்டும் பாரத்தை எதிரியின்மேல் வைக்கின்றது.

இவ்வாதத்தில் உண்மை உண்டு. நச்சுவியாபாரம் பெருங்கொடுமை. அதனை அடக்க முயலாத அரசு அரசாகாது. உள்ளத்தை உள்ளவாறு அறிபவன் இறைவன் ஒருவனே. மனித நீதிபதி புறக்குறிகளைக்கொண்டே தீர்க்கவேண்டும் என்பதும் மெய். ஆதலின் ஊகத்தை முற்றாகத் தள்ளும்படி யாம் கூறவில்லை. ஊகம் வாயிலாக இருக்கலாம். சுவராக இருத்தலாகாது என்பதே எம் கருத்து. எதிரி புகுந்து தன் உண்மையைச் சொல்லவும், அதற்குச் சான்று தேடவும், கேட்பார் செவிகொடுக்கவும் இடமிருக்கும்வரை ஊகம் நீதிக்குத் துணையாகும். தண்டனை எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு அவ்விடம் அகலமாக இருத்தல் வேண்டும். ஆயின் உலகிலே நடப்பது பெரும்பாலும் இதற்கு மாறு. குற்றம் பெரிதென்று தோன்றுந்தோறும் தண்டனை பெருகுகின்றது. கேட்குஞ் செவியோ குறுகுகின்றது. பெரியதோர் பாரத்தை ஏற்றும்போது பாலத்தின் தூண்களைக் குறைப்பாரைப் போன்றது இது.

திருவள்ளுவர் கள்ளாமை அதிகாரத்திலே பிறர்பொருளை வஞ்சித்துக் கொள்வேமென்று மனத்தால் நினைத்தலையே தீமையாக எண்ணினார். அறநெறியிலே பொருள் கைக்கு வருமுன்னரே மனம் குற்றத்துக்கு உள்ளாகின்றது. வைத்திருத்தற் சட்டத்தை அளவறியாது நடத்துவோமாயின், மனம் குற்றத்துக்கு உள்ளாகாதபோதும் பொருள் கைக்கு வந்தமையாலே குற்றமாகின்றது. அறத்தின் வரிசை இங்கே தலைகீழாகின்றது. சட்டம் அறத்தோடு முற்றும் ஒன்றாதல் இயலாதாயினும், அதற்கு நேரெதிராக நிற்றல் தகாது.

இனித் தராசைப்பற்றிச் சிறிது கூறுவாம். இலங்கையிலே 1984 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கத் திருத்தச்சட்டத்தின்படி 2 கிராமோ அதற்கு மேற்பட்டோ ஹெரோயின் வைத்திருந்தமை துணியப்படின் மரணதண்டனை அல்லது ஆயுட்சிறை. 2022 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் என்பதனையும் சேர்த்து, 5 கிராமை அதற்கு எல்லையாக்கிற்று. 1976 ஆம் ஆண்டின்பின் இந்நாட்டிலே தூக்குத்தண்டனை நிறைவேற்றப்பட்டிலது. ஆயினும் தீர்ப்பு மரணமென்றே எழுதப்படுகின்றது. 2 கிராம் என்பது எத்துணை? ஒரு சிறு கரண்டியின் அரைப்பங்கும் இராது. அதிலே ஓர் இம்மி கூடினாலும் குறைந்தாலும் மனிதனது விதி வேறாகின்றது. எங்கேனும் ஒரு கோடு கீறித்தான் ஆகவேண்டும் என்பது உண்மையே. ஆயினும் கோடு எதனை அளக்கின்றது என்பதிலேயே நாடுகள் வேறுபடுகின்றன. இந்நாட்டு வழக்குகளிலே அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் கலப்பு நீக்கிக் கண்ட சுத்தப்பொருளின் நிறையே கணக்கிடப்படும். இந்தியாவிலோ, ஹெரோயின் 5 கிராம்வரை சிற்றளவு, 250 கிராமுக்கு மேல் வணிக அளவு என வகுத்து, மாவும் சீனியுங் கலந்த மொத்த நிறையையே கொள்ளவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020 ஆம் ஆண்டிலே தீர்த்தது. ஒரே பொட்டலம் பாக்குநீரிணையின் ஒரு கரையிலே ஒரு குற்றமும் மறுகரையிலே வேறொரு குற்றமுமாகின்றது. போர்த்துக்கலிலோ 2001 ஆம் ஆண்டு யூலை மாதந் தொடக்கம் ஒருவன் பத்து நாட்பாவனைக்கு மேற்படாத அளவைத் தன்பொருட்டு வைத்திருப்பின், தடை நீங்காவிடினும், அது குற்றவியல் நீதிமன்றத்துக்குச் செல்வதில்லை. மூவர் கொண்ட ஒரு குழுவின்முன் சென்று, சிகிச்சை வேண்டுவார்க்குச் சிகிச்சை வழிகாட்டப்படும்.

இவற்றால் விளங்குவது யாது? நிறை என்பது கருத்துக்கு ஓர் அடையாளம், கருத்தே அன்று. பிறன் கொடுத்த பொதியை உள்ளிருப்பது அறியாது கொண்டுபோகும் சிறுவன் ஒருவன். அறிந்தும் அச்சத்தாலோ, தமையன் சொன்னான் என்னுஞ் சொல்லுக்கு அடங்கியோ மறைத்து வைப்பவன் ஒருவன். நோய்போலப் பற்றிக்கொண்ட பழக்கத்தால் தன்பொருட்டு வைத்திருப்பவன் ஒருவன். பிறரை வீழ்த்திப் பொருளீட்ட வைத்திருப்பவன் ஒருவன். இந்நால்வரையுந் தராசு ஒருநிறை காட்டக்கூடும். அறத்தின்முன் இவர்கள் ஒருநிறையினர் அல்லர். முதல்வன் குற்றமில்லான், இரண்டாமவன் காக்கப்பட வேண்டியவன், மூன்றாமவன் மருந்துக்கு உரியவன், நான்காமவனே ஒறுக்கத்தக்கான். இந்நாட்டுச் சட்டமும் இதனை அறவே அறியாததன்று. 2007 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டம் போதைக்கு அடிமைப்பட்டோருக்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க வழிசெய்தது. 2018 ஆம் ஆண்டிலே தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்தது குற்றமாகாதென்றும், பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட பிள்ளையின் முதிர்ச்சியை ஆராய்தல் வேண்டுமென்றும் விதிக்கப்பட்டது.

வழக்கு நடத்தும் முறையிலுள்ள காவல்களையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நன்று. பொருளைக் கண்டெடுத்த அதிகாரி அதனை நிறுத்து, எதிரியின்முன் முத்திரையிட்டு, பதிவு செய்து ஒப்படைக்க வேண்டும். அது பகுப்பாய்வாளரின் கைக்குச் சேரும்வரை யார் யாரிடம், எந்நாள், எந்நேரம் இருந்தது என்னுந் தொடர் அறாதிருத்தல் வேண்டும். தொடர் அறுந்தால், எடுத்த பொருளும் சோதித்த பொருளும் ஒன்றே என்பதில் ஐயம் எழும். ஐயத்தின் பயன் எதிரிக்கு உரியது. இதனைச் சிலர் குற்றவாளி தப்பும் பொந்து என்று இகழ்வர். அற்றன்று. கொல்லனது கையிலும் ஒரு சிலம்பு இருந்தது. கோவலனது கையிலும் ஒரு சிலம்பு இருந்தது. எது எது என்று ஆராய்தற்கு ஒரு நியதி மதுரையில் இருந்திருக்குமாயின் நகரம் எரிந்திராது. மறுபுறத்திலே, பாரதூரமான அளவாயின் பிணை பெறுதல் அரிது. பகுப்பாய்வு அறிக்கை வரும்வரை விளக்கமறியலிலே காத்திருப்போர் உளர். பின்னர்க் குற்றமற்றவன் என்று விடப்படுவோனுக்கு அந்நாட்களை மீட்டுக்கொடுப்பார் எவருமில்லை. சோதனை தண்டனைக்கு முந்தவேண்டும் என்பது மாத்திரமன்று. காத்திருத்தலே தண்டனையாகாதபடி அது விரைந்தும் வரவேண்டும்.

இனி, ஆசிரியருக்கே நேருந் தருமசங்கடத்துக்கு வருவாம். நல்ல பிள்ளையென்று நாம் எண்ணிய ஒருவனது பையிலே ஒரு பொட்டலங் காணப்பட்டதாகக் கொள்க. ஆசிரியரது நெஞ்சிலே இரண்டு குரல்கள் எழும். ஒன்று, இப்பொழுதே பொலிசாரை அழைத்து இவனை ஒப்புவித்துவிடு, பாடசாலையின் பெயர் தப்பட்டும் என்னும். மற்றொன்று, பிள்ளை பாவம், இதனை எடுத்துக் கிணற்றில் எறிந்துவிடு, ஒருவருமறியார் என்னும். முன்னையது நீதிபோலவும் பின்னையது இரக்கம்போலவுந் தோன்றும். ஆராயின் இரண்டும் தம்மைக் காத்தலேயாம்.

முன்னையது மதுரை மன்னனது வழி. கையிற் கண்டது கொண்டு கருத்தைத் தீர்த்துவிடுதல். காலைக்கூட்டத்திலே பெயர்சொல்லி நிறுத்தி, கள்வன் என்பதுபோலப் போதைக்காரன் என்று ஒரு சொல்லைப் பிள்ளையின் நெற்றியில் எழுதிவிட்டால், நீதிமன்றம் பின்னர் விடுவித்தாலும் ஊர் விடுவியாது. நீதிமன்றத்துக்கு ஊகஞ் செய்யச் சட்டம் அதிகாரங் கொடுத்திருக்கின்றதாயின், மறுத்துரைக்கச் சட்டத்தரணியும், சோதிக்கப் பகுப்பாய்வாளரும், திருத்த மேன்முறையீடும் அதனோடு வைத்திருக்கின்றது. ஆசிரியர் இவற்றுளொன்றும் இல்லாமல் ஊகத்தை மாத்திரம் கடன்வாங்குதல் முறையன்று.

பின்னையதும் தக்கதன்று. பொட்டலத்தை அறிந்து எடுத்துத் தம் சட்டைப்பையில் இட்ட அக்கணமே ஆட்சி, அறிவு என்னும் இரண்டு கூறும் ஆசிரியர்பால் நிறைந்துவிடுகின்றன. மேற்கூறிய 1971 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டத்திலே, பிறனது குற்றத்தைத் தடுக்கும்பொருட்டு எடுத்து, இயன்ற விரைவில் அழித்தவருக்கும் உரியவரிடம் ஒப்படைத்தவருக்கும் காவல் உண்டு. அத்தகைய காவலை எங்குமுள்ளதென்று நம்பி ஒருவர் நடக்கலாகாது. இஃது ஒருபுறமிருக்க, பொருள் மறைந்ததாற் பிள்ளையின் துன்பம் மறைந்துவிடுவதில்லை. அதனை அவனிடங் கொடுத்தவன் நாளையும் பாடசாலை வாயிலில் நிற்பான். அறியாது சுமந்தவனாயின், அவன் அறியாதவன் என்பதை நிறுவுஞ் சான்றையும் நாமே கிணற்றில் எறிந்தவர்களாவோம். கண்ணகி உடைத்துக் காட்டுதற்குச் சிலம்பு இருந்தமையாலன்றோ உண்மை வெளிப்பட்டது!

ஆகலின் செய்யத்தக்கது இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது. ஆசிரியர் தனியே நின்று எதனையும் எடுத்தலாகாது; அதிபரும் வேறோர் ஆசிரியரும் காண இருத்தல் வேண்டும். பொட்டலத்தைப் பிரித்தலும் முகர்தலும் நிறுத்தலும் நமது தொழிலல்ல. கண்ட இடம், நேரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை அப்பொழுதே எழுதிவைத்தல் வேண்டும். பெற்றாரைத் தாமதமின்றி அழைத்து, அவர்கள் அறிய உரிய அதிகாரிகளிடம் ஒப்படைத்தல் வேண்டும். பிள்ளையை மற்றைய மாணாக்கரின் கண்ணுக்கு மறைவாக, அன்போடு இருத்தி, இது என்ன என்று கேட்பதற்கு முன்னே, இதனை உனக்கு யார் தந்தார் என்று கேட்டல் வேண்டும். அச்சத்தால் வாயடைத்தவனை வற்புறுத்தி ஒப்புக்கொள்ளச் செய்தல் உண்மையைத் தேடுதலன்று. நாம் முன்னரே எண்ணியதை அவன் வாயாற் சொல்வித்தலேயாம். அவன் விளக்கமறியலிலோ நன்னடத்தைப் பராமரிப்பிலோ இருந்து திரும்பி வரும்போது வகுப்பில் அவனது இருக்கை அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும். ஒப்படைத்தல் கைவிடுதலன்று. அதிகாரிகள் பொருளை ஏற்றுக்கொள்கின்றார்கள். பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங் கடமை நம்மிடமே இருக்கின்றது.

இவற்றோடு முன்காப்பாக ஒன்று செய்தல் கூடும். பிறர் தரும் பொதியை உள்ளிருப்பது அறியாமற் சுமவாதே என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பித்தல் இன்றைய நாளில் ஒழுக்கப்பாடத்தின் ஒரு பகுதியாகும். உதவி செய்தல் அறம் என்று கற்பித்தோம், நன்றே. எதற்கு உதவுகின்றோம் என்று கேட்டறிதலும் அறமே என்பதைச் சேர்த்துக் கற்பியாதொழியின், நாம் புகட்டிய நற்குணத்தையே கொடியோர் தமக்குக் கருவியாக்குவர். சட்டம் அறியாமையை எளிதில் நம்பாத காலத்திலே, கேட்கப் பழகாத வெகுளித்தனம் குழந்தைக்கு ஆபத்தாகின்றது.

கையிலிருப்பது கொண்டு கருத்திலிருப்பதைத் துணிதல் மனிதருக்குத் தவிர்க்கலாகாத வழியாயினும், அது தவறத்தக்க வழி. அத்தவற்றுக்கு இடமிருப்பதை மறவாத நீதிமன்றமே நீதிமன்றம். அதனை மறவாத ஆசிரியரே ஆசிரியர். தராசு நிறையைச் சொல்லட்டும். பகுப்பாய்வாளர் பொருளைச் சொல்லட்டும். பிள்ளை என்ன சொல்லுகின்றான் என்று கேட்டற்கு ஒருவர் வேண்டும். அவர் நம்முள் ஒருவராயிருப்பாராக.